உப்பில் கட்டிய ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டாளி ஒருத்தனின் பதினாறாம் நாள் சாப்பாட்டில் நீங்கள் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தீர்கள். செத்தவனின் பேரன் நம் ஊருக்குப் போய், பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடி எடுத்து வந்த வீடியோ. பஸ் நிற்கிற இடம், தெரு முகப்பில் கட்டின பெரிய வளைவு, சிமிண்டு ரோடு, செல்போன் கோபுரம், மாடி வைத்த வீடுகள்.

"எலே, நம்ம ஊராலே இது? ஊரே மாறிப் போச்சுல்லா!" என்றான் ஒருத்தன். மற்ற எல்லோரும் தலையை ஆட்டினீர்கள். உங்களில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது, மீதிப் பேருக்கு ஊர் தெரியாது. ஆனாலும் தலை மட்டும் நன்றாக ஆடியது.

நானும் பார்த்தேன். அந்த வீடியோவில் ஒரு இடத்தில் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்தது. சர்க்கரை வியாதிக்காரன் எதிரில் பாயசமும் வந்து, பக்கத்தில் பெண்டாட்டியும் இல்லாத நேரம் எத்தனை தடவை வாய்க்கும்? திறந்த வாயை அதற்கே பயன்படுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு விட்டதை இப்போது சொல்கிறேன். நேராகச் சொல்ல எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் என்னை உள்ளே விட்டார்கள், ஒரே வாரத்தில் வெளியே விட்டார்கள். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். முட்டி வலிக்காரர்கள் மெதுவாகக் கூட வாருங்கள்.

நாம் அரை டவுசரோடு திரிந்த காலம். அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். தாராவியில் நம் சந்துக்குப் பின்னால் தோல் கிடங்கின் களம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அந்த இடத்தில் ஏசி போட்ட தோல் பைக் கடை இருக்கிறது. உள்ளே போனால் மல்லிகையா ரோஜாவா என்று தெரியாமல் ஏதோ ஒரு சென்ட் அடிக்கிறது. அன்றைக்கு அங்கே அடித்த வாடையை நாம் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தோம். மாதுங்காவில் ஆபீஸ் வேலை பார்த்த நம் தமிழ் சனங்கள் ரயிலில் நம் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அதனால் நமக்கு எப்போதும் கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது.

அப்பா அந்தக் கிடங்கில்தான் தோலில் ஒட்டிய சதையைக் கத்தியால் வழிக்கிற வேலை பார்த்தார். அவருடைய குரல் உங்களுக்கு மறந்திருக்காது. களத்தின் இந்தப் பக்கம் நின்று "ஏலேய்!" என்றால் அந்தப் பக்கம் படுத்திருக்கும் கிடங்கு நாய்கள் எழுந்து நிற்கும். நான் எழுந்து ஓடுவேன். நாய்களுக்கு இருந்த தைரியம்கூட எனக்கு இல்லை.

பச்சைத் தோல் உப்பில் புரட்டி வரும். ஊறப் போடுவதற்கு முன் அந்த உப்பைத் தட்டி உதிர்ப்பார்கள். வீட்டு உப்பு மாதிரி வெள்ளையாக இருக்காது. ரத்தமும் மயிரும் சேர்ந்து செம்பழுப்பாக, ஈரமாக, களத்து மூலையில் மேடு மேடாகக் கிடக்கும். ஒருநாள் அப்பா அதில் ஒரு கை அள்ளி, "நம்ம ஊரு மண்ணு இதே நெறந்தாம்ல" என்றார். அவர் சும்மா சொன்னது. நாம் சும்மா இருந்தோமா?

அன்றைக்கே ஊரைக் கட்ட ஆரம்பித்தோம். நம்மில் ஒரு பயல்கூட ஊரைப் பார்த்ததில்லை. பம்பாயிலே பிறந்து பம்பாயிலே மூக்கு வடித்தவர்கள். ஆனால் ராத்திரி கஞ்சிக்கு என்ன தொட்டுக்கொண்டோம் என்பதைவிட ஊரைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் பேச்சு முழுக்க அதுதானே. உப்பைக் குவித்துக் குளத்தங்கரை போட்டோம். தகர டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றிக் குளம். தோல் பதனிடுகிற கடுக்காயை வரிசையாக வைத்து நம் கீழத்தெரு. பெரிய தெரு வீடுகள் பெரிசாக இருக்க வேண்டும் என்று அதற்குத் தீப்பெட்டி. எதை எங்கே வைப்பது என்று சொல்கிற வேலை என்னுடையது. பூகோளப் புத்தகத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவன் ஊருக்கே பூகோளம் ஆகிவிட்டேன்.

வேலை முடிந்து வருகிற ஆட்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் நின்றார்கள். அப்புறம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"எலே, மதகு அங்ஙன இல்ல. இன்னுங் கொஞ்சம் தெக்க தள்ளு."

"குளத்தங்கரையில புளியமரம் எங்கல?"

"அதைத்தான் வெட்டியாச்சே!"

"எவன் வெட்டுனான்? நான் வரும்போது காயும் பழமுமா நின்னுச்சு!"

ஒருத்தர் முன்னால் ஊரை விட்டு வந்தவர், ஒருத்தர் பின்னால் வந்தவர். இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத குறை. நான் தீர்ப்புச் சொன்னேன். முன்னால் வந்தவர் களத்துக்கு வந்தால் புளியமரம் நடப்படும். பின்னால் வந்தவர் வந்தால் பிடுங்கப்படும். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் நான் ஓடிவிடுவேன்.

பெரிய தெருவுக்கு வந்தபோதுதான் ஒரு சிக்கல். தீப்பெட்டியை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? வாசல் எங்கே என்று கேட்டேன். ஆளாளுக்குச் சொன்னார்கள். இந்த வீட்டு மாட்டுத் தொழுவம் இங்கே. எருக்குழி இங்கே. கஞ்சி ஊற்றுகிற கதவு இங்கே, வைக்கோல்படப்புக்குப் பக்கத்தில். எல்லா வீட்டுக்கும் அப்படியே. சரி என்று எல்லாத் தீப்பெட்டியையும் எருக்குழியைப் பார்த்துத் திறக்கிற மாதிரி வைத்தேன்.

களத்து மேஸ்திரி பாய் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நம் பக்கத்துத் தமிழர்தான், நம் ஊருக்கு அடுத்த டவுன். அவருடைய வாப்பா தோல் வியாபாரத்துக்காக நம் ஊர் வழியாகப் போய்வந்தவராம். "எலே, வாசல் எதுக்கு எருக்குழியப் பாத்து இருக்கு? திருப்பி வையி. வாசல் தெருவப் பாத்துல்லா இருக்கும்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாய், நீங்க வேற ஊரு. எங்க ஊரு சங்கதி ஒங்களுக்குத் தெரியாது. எங்க ஆளுக எல்லாரும் இந்த வழியாத்தான் போவாவ. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றேன்.

பாய் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் உப்பைப் பார்த்தார்கள். புளியமரத்துக்குக் கத்தின இரண்டு பேரும்கூட.

"ஆமால. நான் வேற ஊருதான்" என்று சொல்லிவிட்டுப் பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அதில் எலும்பு மட்டும்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மாமா ஊரிலிருந்து திரும்பி வந்தார். அம்மாவின் தம்பி. செருப்புத் தைக்கிற பட்டறையில் வேலை. ஊருக்குப் போய்ப் பெண் பார்த்துக் கல்யாணமும் முடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் அவரை எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்து, சுற்றி நின்று சேதி கேட்பது நம் ஆட்களுக்கு வழக்கம். மாமாவை நம் உப்பு ஊருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள்.

"மாறிப் போச்சு மச்சான்! எல்லாம் மாறிப் போச்சு!" என்றார் மாமா அப்பாவைப் பார்த்து. "பஸ்ஸு ஊருக்கே வருது. தெருவுல கரண்டுக் கம்பம் நட்டாச்சு. பொழுது சாஞ்சா பகலு மாதிரி. டீக்கடை வந்துட்டு, ரேடியா பாடுது. நீங்க பாத்த ஊரா அது?"

கரண்டு என்றதும் நான் தீக்குச்சிகளை எடுத்துக் கம்பம் நட்டேன். ஆட்களுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்றாகக்கூட இருக்கலாம்.

அப்பா குனிந்தார். இரண்டு விரலைக் கால் மாதிரி வைத்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து உப்பில் நடந்தார். இடது பக்கம் திரும்பி, சுடுகாட்டு ஓரமாக, வாய்க்கால் வரப்பில், முள்ளுக்காட்டைச் சுற்றி, கீழத்தெருவில் எங்கள் வீட்டுக் கடுக்காய்க்கு வந்து நின்றார். அங்கேதான் வீடு எடுத்துக் கட்டப் போகிறாராம். ஊரில் இருக்கிற பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டாராம். இந்தக் கோடையில் நாங்கள் எல்லோரும் ஊருக்கே போய்விடுவது, திரும்பி வருவதில்லை. எங்கள் ஒற்றை அறை வீடு, அந்தத் தாராவி கோலி, புதுசாகக் கல்யாணம் ஆன மாமாவுக்கு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்த விரல் போன வழி பொறுக்கவில்லை. "எப்பா, பஸ்ஸுல இருந்து பெரிய தெரு வழியா நேரா நடந்தா நம்ம வீடு இந்தா வந்துரும். நீ எதுக்குப்பா சுடுகாட்டச் சுத்திப் போற?" என்றேன். அதுவரை நம் ஆட்கள் எல்லோருடைய விரலும் அப்படிச் சுற்றித்தான் போயிருந்தது. இத்தனை பேருக்கும் நேர்வழி தெரியவில்லையே, என்னைவிட மண்டூகங்களாக இருக்கிறார்களே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு வருத்தம்.

மாமாதான் சிரித்தார். "காத்தாட நடக்கத்தாம்ல மருமவனே."

தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த அம்மா நின்றாள். "ஏலே தம்பி, எல்லாமா மாறிட்டு?"

"எல்லாம் மாறிட்டுக்கா."

"டீக்கடையில டீ எதுல குடிச்ச?"

மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. "டீயி... டீ நல்லா இருந்துச்சுக்கா" என்றார். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஊரே மாறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இவள் பாத்திரம் விசாரிக்கிறாளே என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்கு மூளை அவ்வளவுதான் கொடுக்கப்பட்டிருந்தது.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா பாதிச் சாமானைக் கட்டவே இல்லை. அம்மி, மண்ணெண்ணெய் அடுப்பு, பெரிய குடம் எல்லாம் வைத்தது வைத்தபடி. "எல்லாத்தையும் எடு. இனி வரப்போறதில்லல்லா" என்று அப்பா கத்தினார். "அம்மிக்கு எவன் டிக்கெட்டு எடுப்பான்?" என்றாள் அம்மா. வீட்டைப் பூட்டினாள். சாவியை மாமா கேட்டபோது கூட்டத்தில் அவளுக்குக் காது கேட்கவில்லை.

மாமா எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்திருந்தார். எருமைத் தோல், பித்தளை வார்ப்பூட்டு. என் வாழ்க்கையில் முதல் பூட்ஸ். ரயிலில் கழற்றவே இல்லை. தூக்கத்தில் யாரோ ஒருவருடைய சாப்பாட்டுத் தூக்கில் உதைத்ததாகச் சொன்னார்கள். மதராஸ் வந்து ரயில் மாறி, திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறி, ஒரு பகல் வெயிலில் ஊரில் இறங்கினோம்.

இறங்கியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எல்லாம் நான் கட்டிய மாதிரியே இருந்தது! அன்னா குளத்தங்கரை. அன்னா மதகு, சரியாகத் தெற்கே தள்ளி. புளியமரம் இல்லை. பின்னால் வந்தவர் ஜெயித்துவிட்டார். கரண்டுக் கம்பம் நிஜமாகவே நின்றது. மண்ணும் அதே செம்பழுப்பு. இரண்டு கை அள்ளி முகர்ந்து பார்த்தேன். வாடை மட்டும் இல்லை. ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

அப்பா மதகுக் கல்லில் உட்கார்ந்து புதுச் செருப்பைக் கழற்றி, தூசி தட்டி, மூட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அழுக்காகிவிடும் என்று மிச்சம் பிடிக்கிறார் போல என்று நினைத்தேன். அம்மா ஜங்ஷனிலேயே கழற்றி வைத்திருந்தாள்.

"மாறிப் போச்சுன்னியளே" என்றாள் அம்மா.

"கம்பத்தப் பாரு, கம்பத்த" என்றார் அப்பா. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இவர்களுக்காக யார் காத்திருப்பது? எனக்குத்தான் வழி தெரியுமே. பூட்ஸ் சத்தம் டக் டக்கென்று கேட்க, பெரிய தெரு வழியாக நேராக ஓடினேன்.

பாதித் தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். வீடுகள் எல்லாம் திரும்பி நின்றன! தொழுவம் எங்கே, எருக்குழி எங்கே, வைக்கோல்படப்பு எங்கே? வரிசையாகப் பெரிய பெரிய கதவுகள், தூண்கள், வாசலில் கோலம். எவனோ ராத்திரியோடு ராத்திரியாக வந்து என்னுடைய தீப்பெட்டிகளை எல்லாம் திருப்பி வைத்துவிட்டுப் போனது மாதிரி. "ஏ! வாசல் எல்லாம் மாறி இருக்கு!" என்று கத்தினேன்.

கம்பத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முக்காலியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என் பூட்ஸையும் டவுசரையும் பார்த்துச் சிரித்தார். "யாருப்பா நீ?"

"நாங்க பம்பாய்ல இருந்து வாறோம்!"

"பம்பாயா! வா, வா, வெயில்ல நிக்காத. ஏட்டி, புள்ளைக்கு மோரு கொண்டா." உள்ளேயிருந்து ஒரு அம்மா பித்தளை டம்ளரோடு வந்தாள். டம்ளர் தங்கம் மாதிரி மின்னியது. "யாரு வீட்டுக்கு வந்திருக்க?"

"கீழத்தெருவுக்கு!" என்றேன். கடுக்காய் வைத்தவன் நான் அல்லவா, பெருமையாகவே சொன்னேன்.

நீட்டின டம்ளர் பாதியில் நின்றது. அப்புறம் அந்தக் கையோடு உள்ளே போய்விட்டது. பெரியவர் என் காலைப் பார்த்தார். "கழத்து" என்றார். சத்தமே போடவில்லை.

எனக்கு ஒரே குஷி. பம்பாய்ப் பூட்ஸைப் பார்க்க ஆசைப்படுகிறார்! ஒன்றைக் கழற்றி அவருடைய மூக்குக்கு நேராக நீட்டினேன். "எங்க மாமா தச்சது தாத்தா. எருமைத் தோலு. நல்லா மோந்து பாருங்க, வாடையே வராது!"

அவர் ரேடியோவை நிறுத்தினார்.

அதற்கப்புறம் தெருவில் எங்கிருந்து அத்தனை ஆட்கள் வந்தார்கள் என்று தெரியவில்லை. யாரோ என் கையைத் தட்டிவிட்டதில் பூட்ஸ் கீழே விழுந்து உருண்டது. இன்னொன்றையும் என் காலிலிருந்து உருவிப் போட்டார்கள். எனக்குப் பயம் வரவில்லை. அப்பா வருகிறார் என்று தெரியும். அந்தக் குரல் கேட்டால் இவர்கள் எல்லோரும் கிடங்கு நாய் மாதிரி எழுந்து நிற்கப் போகிறார்கள்.

அப்பா வந்தார். வெறுங்காலோடு ஓடிவந்தார். தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போயிருந்தது. முதுகு எங்கேயோ வளைந்து, என் உயரத்துக்கு வந்துவிட்டார். நான் குரலுக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் நிற்கப் போகிற நேரத்தில் குழாயில் சொட்டுமே, அந்த மாதிரி ஒன்று வந்தது.

"சாமி... சின்னப் பய. பம்பாய்லயே பொறந்தவன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது சாமி."

"அவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் சாமி."

"எடு. எங்க வைக்கணும்னும் தெரியும்லா?"

அப்பா குனிந்து இரண்டு பூட்ஸையும் எடுத்தார். தலையில் வைத்துக்கொண்டார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா எனக்கு வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தேன். இன்றுவரை கல்யாண வீட்டில், சாவு வீட்டில், ஆஸ்பத்திரியில் எல்லாம் கோமாளித்தனம் பண்ணுகிறவன், அன்றைக்கும் பல்லைக் காட்டிவிட்டேன். அப்புறம் அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். காட்டின பல்லை மூடிக்கொண்டேன்.

அவர் தலையில் வைத்தது எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை, கூட்டாளிகளே. தலையில் வை என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் கைக்கு மறக்கவில்லை. இத்தனை நாள் களத்தில் மதகு, மரம், மாட்டுத் தொழுவம் என்று சண்டை போட்ட ஆட்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருத்தர்கூட இதை உப்பில் வைக்கச் சொல்லவில்லை.

திரும்பி நடந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்தது. மதகுப் பக்கம் வந்ததும் அம்மா, தலையில் ஒட்டின வைக்கோலை எடுப்பது மாதிரி, அப்பா தலையிலிருந்து பூட்ஸை எடுத்து மூட்டைக்குள் போட்டாள். "முள்ளு கெடக்கும். பாத்து வா" என்று என்னிடம் சொன்னாள். சுடுகாட்டு ஓரமாக, வாய்க்கால் வரப்பில் நடந்தோம். அங்கேயிருந்து பார்த்தால் பெரிய தெரு தெரிந்தது. தொழுவம், எருக்குழி, வைக்கோல்படப்புக்குப் பக்கத்தில் சின்னக் கதவு. நான் கட்டினது அச்சு அசலாக அப்படியே. நம் ஆட்கள் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த ஊர் அதுதான்.

கீழத்தெருவில் பெரியப்பா வீட்டில் கோழி அடித்தார்கள். கரண்டுக் கம்பம் பெரிய தெரு முனையோடு நின்றுபோயிருந்ததால் அரிக்கேன் விளக்கில் சாப்பிட்டோம். வீடு கட்டப் போகிற இடத்தைப் பெரியப்பா உற்சாகமாகக் காட்டினார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பெரியப்பா அந்தப் பக்கம் போனதும் அம்மா இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அப்பா மடியில் போட்டாள். தாராவி கோலிச் சாவி.

அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பிகிட்ட குடுத்துட்டு வரலியா?"

"மறந்துட்டேன்" என்றாள் அம்மா. அவள் எதையும் மறந்து யாரும் பார்த்ததில்லை. "கெடங்குல ஆளு கம்மின்னு மேஸ்திரி பாய் சொல்லிக்கிட்டு இருந்தாவ. ஒங்களத் தேடுவாவ."

"ஆமா. தேடுவாவ" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மாமா எங்கள் வீட்டு வாசற்படியில் பாயைச் சுருட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. "சாவியத் தராமப் போயிட்டியேக்கா! நானும் அவளும் அடுத்தவன் வீட்டுல ஆளுக்கு ஒரு மூலையில கெடந்தோம்!"

அம்மா பூட்டைத் திறந்தாள். "டீ எதுல குடிச்சேன்னு நீ இன்னும் சொல்லல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "தேங்காச் செரட்டையில."

"பெறவு ஏம்ல மாறிப் போச்சுன்ன?"

"கம்பம் நெசந்தானக்கா? பஸ்ஸு நெசந்தானக்கா? அத்தன பேரும் என் வாயப் பாத்துக்கிட்டு நிக்காவ. டின்னுல உக்கார வச்சிருக்காவ. செரட்டைன்னு எப்படிக்கா சொல்லுவேன்?" அழுதுவிட்டார். வீட்டு மேல் ஆசையில் சொல்லியிருப்பார் என்று நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அதுவும் இருந்திருக்கும். மீதி, டின்னில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அம்மா ஒரு பழைய சேலையை அறைக்கு நடுவில் கட்டினாள். அந்தப் பக்கம் மாமாவும் அத்தையும், இந்தப் பக்கம் நாங்கள். அம்மி பொது.

அன்று சாயங்காலம் களத்தில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டார்கள். நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். "ஊரு எப்படி இருக்கு? மாறிட்டாமே?" என்று ஆட்கள் அப்பாவைக் கேட்டார்கள். அப்பா டின்னில் உட்காரவில்லை.

நான்தான் முதலில் போனேன். உப்பு ஊரில் இறங்கி, பெரிய தெருத் தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். வாசல் எல்லாம் தெருவைப் பார்க்கிற மாதிரி. உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாமா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேஸ்திரி பாய் மட்டும் பீடியை வாயிலிருந்து எடுத்து, "ம்" என்றார்.

அப்பா குனிந்தார். இரண்டு விரலை பஸ் நிற்கிற இடத்தில் வைத்தார். இடது பக்கம் திரும்பவில்லை. பெரிய தெருவுக்குள் இறங்கினார். நடுத் தெருவில், தீப்பெட்டி வாசல்களுக்கு முன்னால், மெதுவாக, ஒவ்வொரு அடியும் உப்பில் பதிகிற மாதிரி நடந்தார். அந்தக் கம்பத்துப் பக்கம் வந்ததும் விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன. அப்புறம் நேராகக் கீழத்தெருவுக்கு வந்து சேர்ந்தன.

எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு புளியமரத்துக்காரர் குத்தவைத்து, தன் இரண்டு விரலை பஸ் நிற்கிற இடத்தில் வைத்தார். அவருக்குப் பின்னால் மற்றவர். அப்புறம் ஒவ்வொருத்தராக எல்லோரும். நாம் பயல்கள் என்ன ஏது என்று தெரியாமல் அவர்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கொஞ்ச நாளில் மழை இறங்கியது. ஒரே ராத்திரியில் ஊர் கரைந்தது. தீப்பெட்டிகள் சாக்கடையில் மிதந்து மாஹிம் பக்கம் போயின. அடுத்த வருஷம் கட்டலாம் என்று நீங்கள் கேட்டபோது வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். அந்த பூட்ஸ் எனக்கு ஒரே மாதத்தில் பத்தாமல் போனது.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். அந்தப் பையனின் பைக் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததா? பெரிய தெரு முகப்பில் வளைவு தெரிந்ததா? அந்த வளைவுக்குள் பைக் நுழையவில்லை. இடது பக்கம் திரும்பியது. சுடுகாட்டு ஓரமாக, வாய்க்காலை ஒட்டி, சுற்றிக்கொண்டு போனது. நீங்கள் எல்லோரும் பார்த்து வாயைப் பிளந்த சிமிண்டு ரோடு அதுதான். அந்தச் சுற்று வழிக்கே சிமிண்டு போட்டுவிட்டார்கள்.

நீங்கள் கை கழுவப் போனதும் அந்தப் பையனைப் படிக்கட்டில் பிடித்தேன். "ஏய்யா, வளைவு வழியா நேரா போனா பக்கம்லா? எதுக்குச் சுத்திப் போனிய?"

"நேராவா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அரே தாத்தா, அந்தப் பக்கம் யாரும் போக மாட்டாங்க. பைக் ஓட்டுனவரும் ஒண்ணும் சொல்லல, இப்படியேதான் திருப்புனாரு. இதான் ரஸ்தா."

"போனைக் காட்டு" என்றேன். வளைவு தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். என் இரண்டு விரலை அந்தக் கண்ணாடி மேல் வைத்து, வளைவுக்குள் நுழைந்து, நேராக இழுத்தேன்.

இழுத்த இழுப்பில் ஊர் போய் அடுத்த வீடியோ வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள்.